விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள்

நிரல் எழுதப் பழகுகிறவர் பைத்தானில் எழுதிய சிறு நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயனர் ஒவ்வொன்றாகத் தட்டும் மதிப்பெண்களை வாங்கிக்கொண்டு அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் ஆகியவற்றை அது சொல்ல வேண்டும். முதல் இரண்டை மட்டும் எழுதி முடித்த நிலையில் 7, 12, 4, 10, 15 என்று ஐந்து எண்களைக் கொடுத்தால் திரையில் வருவது இது: அதிகபட்சம் 7, குறைந்தபட்சம் 10. எச்சரிக்கை எதுவும் இல்லை. நிரல் நல்லபடியாக ஓடி முடிந்துவிட்டது. காரணம் எளிது. பைத்தானின் இன்புட் ஃபங்ஷன் எதைத் தட்டினாலும் அதை எழுத்துச் சரமாகவே கொடுக்கும். எண்ணாக மாற்றும் வேலை நம்முடையது. மாற்றாமல் விட்டால் ஒப்பீடு அகராதி வரிசையில் நடக்கும். 10, 12, 15 மூன்றும் 1-இல் தொடங்குவதால் 4-க்கும் 7-க்கும் முன்னால் போய் நிற்கும். அவற்றுள் 10 முதலிடம். குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடப் பெரிதாக வந்ததால் பிழை கண்ணில் பட்டது. இதே நிரலுக்கு 7, 5, 4, 8, 6 என்று கொடுத்திருந்தால் விடை இரண்டும் மிகச் சரியாக வந்திருக்கும். ஒற்றை இலக்க எண்களில் அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றே.

நிரலில் வரும் பிழைகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்: எழுத்திலக்கணம் தவறி ஓடவே மறுப்பது, ஓடும்போது நடுவழியில் நிற்பது, ஓடி முடித்துத் தவறான விடையைத் தருவது. முதல் இரண்டும் தாங்களே வரி எண்ணோடு வந்து முறையிடும். புள்ளியியல் நிரலில் தொல்லை தருவது மூன்றாவது வகைதான். சராசரி 9.4 என்று வந்தால் அது சரியா தவறா என்று அந்த எண்ணின் முகத்தில் எழுதியிருக்காது; 4-க்கும் 15-க்கும் இடையில் எது வந்தாலும் நம்பும்படியாகவே இருக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது ஒன்றே: பிழை தேடும் வேலை நிரலைத் திறந்து வரிகளை வாசிப்பதில் தொடங்கக் கூடாது, விடை முன்கூட்டியே கையால் கணக்கிடப்பட்ட, நன்கு தேர்ந்தெடுத்த சிறிய தரவில் தொடங்க வேண்டும். தராசைச் சந்தேகிப்பவர் அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் முத்திரையிட்ட எடைக்கல் ஒன்றை வைத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

எடைக்கல்லும் சரியானதாக இருக்க வேண்டும். பழகுகிறவர்கள் பெரும்பாலும் கொடுக்கும் தரவு 1, 2, 3, 4, 5. இதைவிட மோசமான சோதனைத் தரவைத் தேடிப் பிடிப்பது கடினம். இதன் சராசரியும் 3, இடைநிலையும் 3. இரண்டு விடைகளையும் மாற்றி அச்சிட்டாலும் தெரியாது. எண்கள் ஏற்கெனவே வரிசையில் இருப்பதால், இடைநிலை காண்பதற்கு முன் வரிசைப்படுத்த மறந்திருந்தாலும் தெரியாது. கூட்டுத்தொகை 15, ஐந்தால் மீதியின்றி வகுபடும். முழுஎண் வகுத்தல் நடந்து பின்னப் பகுதி வெட்டுப்பட்டாலும் தெரியாது. லூப் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் விட்டுவிட்டு நடு மூன்றை மட்டும் எடுத்தால்கூடச் சராசரி 3 என்றே வரும். நான்கு வெவ்வேறு பிழைகளைச் சத்தமில்லாமல் மூடி மறைக்கிறது இந்தத் தரவு.

இப்போது 7, 12, 4, 10, 15-க்குத் திரும்புவோம். ஒரு தாளில் எழுதுங்கள்: எண்ணிக்கை 5, கூட்டுத்தொகை 48, சராசரி 9.6, வரிசைப்படுத்தினால் 4, 7, 10, 12, 15, ஆகவே இடைநிலை 10. நிரலை ஓட்டுவதற்கு முன்பே இதை எழுதி வைப்பது முக்கியம். ஓட்டிய பிறகு எழுதினால் திரையில் கண்ட எண்ணை நியாயப்படுத்தவே மனம் கணக்குப் போடும். இனி, நிரல் தரும் தவறான விடையே எங்கே தவறு என்று சொல்லிவிடும். பயனர் -1 தட்டினால் உள்ளீடு முடிந்தது என்று நிரலில் ஏற்பாடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 7.83 என்று வந்தால் அந்த -1-உம் ஒரு மதிப்பெண்ணாகக் கூட்டப்பட்டு, எண்ணிக்கையிலும் சேர்ந்துவிட்டது: 47-ஐ 6-ஆல் வகுத்த விடை. 9.4 என்றால் கூட்டுத்தொகையில் மட்டும் -1 நுழைந்திருக்கிறது. 8 என்றால் கூட்டுத்தொகை சரி, எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது. 8.25 என்றால் கடைசி எண் விடுபட்டது, 10.25 என்றால் முதல் எண். 8.2, 6.6 இரண்டும் எண்ணிக்கையைச் சரியாக வைத்துக்கொண்டு முறையே முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்ட மறந்ததால் வருபவை. சி மொழியில் எழுதியவருக்கு 9 என்று வந்தால், இரண்டு முழுஎண் மாறிகளை வகுத்திருக்கிறார். விடையைப் பின்ன எண் மாறியில் போட்டு வைத்திருந்தாலும் பயனில்லை. வகுத்தல் முடிந்து பின்னம் தொலைந்த பிறகே அது அந்த மாறிக்குள் போகிறது. இடைநிலை 4 என்று வந்தால் வரிசைப்படுத்தாமல் நடு எண்ணை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு பிழைக்கும் தனி விடை வருவது தற்செயல் இல்லை; இரண்டு பிழைகள் ஒரே விடையைத் தராதபடி தேர்ந்தெடுத்த எண்கள் இவை. நடுவில் இருக்கும் 10-க்குப் பதில் 9 என்று வைத்துப் பாருங்கள்: கடைசி எண் முழுதாக விடுபட்டாலும் 8, முதல் எண்ணைக் கூட்ட மட்டும் மறந்தாலும் 8. பின்னம் வெட்டுப்பட்ட சராசரியும் 9, சரியான இடைநிலையும் 9. அப்படிப்பட்ட தரவு பிழை இருப்பதைக் காட்டும், எந்தப் பிழை என்று காட்டாது.

இதற்கு உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மாறிகளை அச்சிட்டுப் பார்த்தால் போதாதா, டீபக்கர் எதற்கு இருக்கிறது என்பார்கள். இரண்டும் நல்ல கருவிகளே. ஆனால் டீபக்கர் ஒரு மாறியில் 47 இருக்கிறது என்று மட்டும் சொல்லும். 48 இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தத் தகவலுக்குப் பொருள் உண்டு. எதிர்பார்ப்பு இல்லாமல் அச்சிட்டுக்கொண்டே போகிறவர் திரை நிறைய எண்களைச் சேர்ப்பார், எதைச் சந்தேகிப்பது என்று தெரியாது. அச்சிட்டுப் பார்ப்பதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. நாம் தொடக்கத்தில் கண்ட பிழையில் மாறியை நேராக பிரிண்ட் செய்தால், எழுத்துச் சரமான 7-உம் எண்ணான 7-உம் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ரெப்ர் வழியாக அச்சிட்டாலோ, மதிப்புகளை ஒரு லிஸ்டில் போட்டு அந்த லிஸ்டையே அச்சிட்டாலோதான் எழுத்துச் சரங்களைச் சுற்றி மேற்கோள் குறி தெரியும். எண்ணைப் பார்ப்பதோடு அது எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும்.

கணக்கு சரியான பிறகும் உள்ளீடு நம்மை விடாது. பயனர் 12.5 என்று தட்டினால் இன்ட் மறுக்கும், ஃப்ளோட் ஏற்கும். நம் ஊர் வழக்கப்படி 1,00,000 என்று காற்புள்ளியோடு தட்டினால் இரண்டுமே மறுக்கும். ஆனால் ௧௨ என்று தமிழ் எண்களில் தட்டினால் பைத்தான் அதைப் பன்னிரண்டு என்று சரியாகவே எடுத்துக்கொள்ளும். யூனிகோடு தசம இலக்கமாக வகைப்படுத்திய எதையும் அது ஏற்கும். பத்தைக் குறிக்கும் ௰ அந்த வகையில் வராததால் அதை மறுத்துவிடும். இந்த மறுப்புகளைச் சமாளிக்கப் பலர் செய்வது, டிரை–எக்செப்ட் போட்டு, பிழை வந்தால் ஒன்றும் செய்யாமல் அடுத்த எண்ணுக்குப் போவது. நிரல் நிற்காது என்பதால் இது திருத்தம் போலத் தோன்றும். உண்மையில் முறையிட்டுக்கொண்டிருந்த பிழையின் வாயைக் கட்டி, மூன்றாம் வகைப் பிழையாக மாற்றிவிடுகிறது. பத்து மதிப்பெண் தட்டியவருக்கு எட்டின் சராசரி கிடைக்கும், அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டும் வரி, மாற்றும் வரிக்கு முன்னால் இருந்துவிட்டால் இன்னும் மோசம்: கூட்டுத்தொகை எட்டுக்கு, வகுப்பது பத்தால். தவறான உள்ளீட்டைத் தவிர்ப்பதென்றால், எதைத் தவிர்த்தோம் என்று பயனருக்குச் சொல்லி மறுபடி கேட்பதே முறை. எத்தனை எண்களை எடுத்துக்கொண்டோம் என்பதைச் சராசரிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால் பாதித் தொல்லை தீரும். சி மொழிக்காரருக்கு இந்த இடத்தில் வேறு தலைவலி. ஸ்கேன்எஃப் எண்ணை எதிர்பார்க்கும்போது பயனர் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்து உள்ளீட்டு வரிசையிலேயே கிடக்கும். லூப்பின் அடுத்த சுற்றும் அதையே சந்திக்கும், அதற்கடுத்ததும். முடிவில்லாமல் ஓடும் நிரலைப் பார்த்து லூப்பின் நிபந்தனையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணைச் சோதிப்பதும், கிடக்கும் எழுத்தை அப்புறப்படுத்துவதும்தான் வழி.

உள்ளீட்டை நிறுத்த -1 என்று வைத்ததையும் கேள்வி கேட்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு அது சரி. அதே நிரலில் லடாக்கின் குளிர்கால வெப்பநிலையைக் கொடுத்தால், -1 என்பது உண்மையான தரவு. நிரல் பாதியில் நின்றுவிடும். எதுவும் தட்டாமல் என்டரை மட்டும் அழுத்துவதை முடிவுக் குறியாக வைத்தால் இந்த மோதல் இல்லை. எதிர்ம எண்கள் இன்னொரு பிழையையும் வெளியே இழுக்கும். அதிகபட்சத்தைக் காணும் மாறியை 0-இல் தொடங்குவது பரவலான பழக்கம். -5, -3, -8 கொடுத்தால் விடை -3 வர வேண்டும், 0 வரும். தரவிலேயே இல்லாத எண். குறைந்தபட்சத்தை 0-இல் தொடங்கினால் சாதாரண மதிப்பெண்களிலேயே குட்டு வெளிப்படும். இரண்டையும் பயனர் தரும் முதல் எண்ணில் தொடங்குவதே சரி. எல்லை நிலைகளையும் மறக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஓர் எண்கூடத் தராமல் முடித்தால் சராசரிக்குச் சுழியத்தால் வகுக்க நேரும். ஓர் எண் மட்டும் தந்தால் சராசரி பிழைத்துக்கொள்ளும், ஆனால் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கும் திட்ட விலக்கம் அங்கே மாட்டிக்கொள்ளும். எண்ணிக்கை இரட்டைப்படையானால் இடைநிலைக்கு நடுவில் உள்ள இரண்டின் சராசரி வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, ஆயத்தமான நூலகத்தைப் பயன்படுத்தினால் போகிறது என்பது அடுத்த மறுப்பு. 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற தொகுதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. அன்றாட வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எழுத்துச் சரத்தை எண்ணாக்குவதும், -1-ஐ வெளியே நிறுத்துவதும், தவறான உள்ளீட்டைக் கையாள்வதும் அப்போதும் நம் தலையில்தான் விழும். நூலகத்தைக் கூப்பிடுகிறவருக்கும் விடை தெரிந்த கணக்கு தேவை என்பதற்கு இன்னும் வலுவான சான்று திட்ட விலக்கமே. நம் ஐந்து எண்களில், சராசரியிலிருந்து விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 73.2. இதை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.83; 4-ஆல் வகுத்து எடுத்தால் 4.28. கையில் இருப்பது முழுத் தொகுதியானால் முதலாவது, பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியானால் இரண்டாவது. நம்பையின் எஸ்டிடி ஃபங்ஷன் ஒன்றும் சொல்லாவிட்டால் 3.83 தரும், பாண்டாஸில் அதே பெயர் கொண்ட ஃபங்ஷன் 4.28 தரும். இரண்டிலும் பிழை இல்லை. எது தனக்கு வேண்டும் என்று தெரியாமல் கூப்பிட்டவரிடம்தான் பிழை, அதை எந்த நூலகமும் திருத்தாது. நிரலை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துத் திருத்தி வாங்குகிறவருக்கும் இதே பதில்தான்: திருத்தப்பட்டு வந்ததைச் சோதிக்க அந்தத் தாளில் எழுதிய 9.6-உம் 10-உம் வேண்டும்.

பழகும் காலத்து விளையாட்டு நிரலுக்கு இவ்வளவு கறார் தேவையா என்று கேட்டால், கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைச் சொல்லலாம். அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என்று அது காட்டியது. பல நாடுகளின் சிக்கன நடவடிக்கை விவாதங்களில் அது மேற்கோள் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்தபோது அதே விடை வரவில்லை. ஆசிரியர்களிடமிருந்து எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி காணும் சூத்திரம் பட்டியலின் எல்லா வரிகளையும் தொடவில்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் 2013-இல் வெளியிட்ட திருத்தக் கணக்கில் அந்தச் சராசரி 2.2 விழுக்காடு. வித்தியாசம் முழுவதையும் அந்த ஐந்து வரிகளின் தலையில் போடுவது நியாயமாகாது. சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காததும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் அதில் பெரும்பங்கு வகித்தன. எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட ஆசிரியர்கள் தங்கள் பொது முடிவை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நமக்கு வேண்டியது வேறு. வரிகள் விடுபட்ட பிழை நம் 8.25-உம் 10.25-உம் காட்டிக்கொடுத்த அதே இனத்தைச் சேர்ந்தது. அது வெளிப்பட்டதும் சூத்திரத்தை யாரோ உற்றுப் பார்த்ததால் இல்லை. தனியாகப் போட்ட கணக்கோடு விடை ஒத்துப்போகாததுதான் கோப்பையே கேட்க வைத்தது.

கையால் போடும் கணக்கும் தவறலாமே, ஆயிரம் எண்கள் இருந்தால் யார் போடுவது என்ற மறுப்புதான் இவற்றுள் கனமானது. ஐந்து சிறிய எண்களில் கை தவறுவது அரிது. தவறினாலும், தாளும் திரையும் முரண்படும்போது இரண்டையும் திரும்பப் பார்ப்போம். பெரிய தரவுக்கு விடையே தெரிந்திருக்க வேண்டியதில்லை, விடையின் குணம் தெரிந்தால் போதும். இடைநிலையும் சராசரியும் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் வெளியே போக முடியாது. எண்களின் வரிசையைக் கலைத்துக் கொடுத்தாலும் எந்த விடையும் மாறக் கூடாது. எல்லா எண்களோடும் 100 கூட்டிக் கொடுத்தால் சராசரி சரியாக 100 கூட வேண்டும், திட்ட விலக்கம் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்து பார்ப்பது பலன் தரும். பள்ளிப் பாடத்தில் படித்த குறுக்குவழிப்படி, வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து, கூட்டுத்தொகையின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்ததைக் கழித்து, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பதாக நிரல் எழுதியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். 4, 7, 13, 16 கொடுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 30 என்று சரியாக வரும். ஒவ்வொன்றோடும் நூறு கோடியைக் கூட்டிக் கொடுங்கள். ஃப்ளோட் எண்களில் கணக்கிடும் நிரல் -170.67 என்று சொல்லும். வர்க்கங்களைக் கூட்டி வருவது எதிர்மமாக முடியவே முடியாது.

சூத்திரத்தில் தவறு இல்லை, வரிகளிலும் தவறு இல்லை; எத்தனை முறை வாசித்தாலும் பிடிபடாது. 64 பிட் ஃப்ளோட் எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களுக்குத்தான் இடம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4-க்குப் பின்னால் பதினெட்டு இலக்கங்கள் கொண்டது. அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு இடையே உள்ள தூரமே 512. நமக்கு வேண்டிய வித்தியாசம் 90; அது அந்த இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போக, கழித்தல் -512 என்று முடிகிறது. அதை 3-ஆல் வகுத்ததுதான் -170.67. எண்களை முழுஎண்ணாக வாங்கினாலும் தப்பிக்க முடியாது. வகுத்தலில் ஃப்ளோட் நுழைந்து, நான்கு வெவ்வேறு எண்களுக்கு விலக்கமே 0 என்று வரும். நூறு கோடி கற்பனை எண் என்று தள்ள வேண்டாம்: கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளாக எண்ணிவரும் நேரம் 2001-லேயே அதைத் தாண்டிவிட்டது, நேரப் பதிவுகளின் விலக்கத்தைக் காண்பது அன்றாட வேலை. எக்செல்லின் திட்ட விலக்கச் சூத்திரமும் 2003 பதிப்பு வரை இந்தக் குறுக்குவழியில்தான் இருந்தது. அந்தப் பதிப்பில்தான் மாற்றினார்கள். மாற்று வழி எளியது: எண்களை ஒரு லிஸ்டில் சேர்த்து, முதல் சுற்றில் சராசரியைக் கண்டு, இரண்டாம் சுற்றில் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்து வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். எல்லா எண்களையும் நினைவகத்தில் வைக்க இடமில்லாவிட்டால், வெல்ஃபோர்டு 1962-இல் வெளியிட்ட முறை ஒரே சுற்றில், ஒவ்வோர் எண் வரும்போதும் சராசரியையும் விலக்கக் கூட்டுத்தொகையையும் புதுப்பித்துக்கொண்டே போகும். எதை மாற்றினாலும் முதலில் 7, 12, 4, 10, 15-ஐயும், அதே எண்களோடு நூறு கோடி கூட்டியதையும் ஓட்டிப் பாருங்கள், இரண்டிலும் 4.28 வர வேண்டும்.